பைரவியின் ஸ்வரங்களைச் சரியாக வாசித்தும் பைரவி ஏன் வரவில்லை?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கீபோர்டு நீங்களாகவே கற்றுக்கொண்டு வருகிறீர்கள். ஒரு பாடப் புத்தகத்தில் கர்நாடக ராகமான பைரவியின் ஆரோகண அவரோகணத்தை, அதாவது ஸ்வரங்கள் ஏறும் வரிசையையும் இறங்கும் வரிசையையும், பார்த்து அப்படியே வாசித்தீர்கள். வந்தது பைரவி இல்லை, சினிமாவில் சோகக் காட்சிக்குப் போடும் மைனர் ஸ்கேல் மாதிரி இருந்தது. ஏறும்போது ஒரு தைவதம் (‘த’ ஸ்வரம்), இறங்கும்போது வேறு தைவதம் என்று போட்டிருக்கிறதே, அச்சுப்பிழையோ என்று ஒரு சந்தேகம். கூடவே, இந்துஸ்தானி பைரவியும் இதுவும் ஒன்றுதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் கிளறிப் பார்த்தால் அடியில் இருப்பது ஒரே கேள்வி: ஸ்வரம் எல்லாம் சரியாக இருந்தும் ராகம் ஏன் வரவில்லை? நான் வயலின்காரன், பல வருஷமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன், அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். கீபோர்டு என் வாத்தியம் இல்லை. அதனால் எந்த விரலை எங்கே வைப்பது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

புத்தகத்தில் பிழை இல்லை. 1 கட்டையை (மேற்கத்திய C) ஸ-வாக (ஷட்ஜம்) வைத்துக்கொண்டால் ரி (ரிஷபம்) 2 கட்டை, க (காந்தாரம்) இரண்டரை, ம (மத்யமம்) 4, ப (பஞ்சமம்) 5, நி (நிஷாதம்) ஆறரை. தைவதம் மட்டும் இரண்டு: ஏறும்போது 6 கட்டையில் இருக்கும் சதுஸ்ருதி தைவதம், இறங்கும்போது ஐந்தரையில் இருக்கும் சுத்த தைவதம். சில புத்தகத்தில் ஆரோகணம் ‘ஸ ரி க ம ப த நி ஸ’ என்று நேராக இருக்கும், சிலதில் ‘ஸ க ரி க ம ப த நி ஸ’ என்று வளைந்து போகும். இரண்டும் புழக்கத்தில் இருப்பவைதான், அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ‘ஸ க ரி க ம’ என்பது பைரவியின் ஒரு முக்கியமான பிடி, அதாவது ராகத்தை அடையாளம் காட்டும் ஸ்வரத் தொடர். அதை ஆரோகணத்திலேயே காட்டிவிட வேண்டும் என்று நினைத்தவர்கள் அப்படி எழுதினார்கள், அவ்வளவுதான். இறங்கும் வரிசையைக் கீபோர்டில் தட்டையாக வாசித்தால் மேற்கத்திய நேச்சுரல் மைனரேதான் வரும். உங்கள் காது பொய் சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வாசித்த அவரோகணம் பைரவிக்கு மட்டும் உரியதில்லை. முகாரியின் அவரோகணமும் இதே ‘ஸ நி த ப ம க ரி ஸ’தான், அதே சுத்த தைவதம், அதே எல்லாம். உசேனிக்கும் அதுவே. மாஞ்சி என்று ஒரு ராகம் இருக்கிறது, அதைப் பைரவியிலிருந்து காகிதத்தில் பிரித்துக் காட்டவே முடியாது, அவ்வளவு நெருக்கம். ஆனால் கச்சேரியில் பாடகர் முகாரியில் இரண்டு வரி இழுத்ததும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாமி பக்கத்தில் இருப்பவரிடம் ‘முகாரி’ என்று சொல்லிவிடுவார். அவர் ஸ்வரத்தை எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை. முகாரி ஏறும்போது காந்தாரத்தை விட்டுவிட்டு ‘ஸ ரி ம ப’ என்று தாவும், மேலே ‘ப நி த ஸ’ என்று திரும்பிப் போகும். அந்த ‘ரி ம ப’ விழும்போதே அது பைரவி இல்லை என்று ஆகிவிடுகிறது. உசேனி ‘ப நி த நி ஸ’ என்று கொஞ்சம் துள்ளலாகப் போகும். மாஞ்சி எதையும் அவசரமில்லாமல் இழைத்து இழைத்துப் போகும், காந்தாரத்தில் பைரவியில் இருக்கிற அளவு ஆட்டம் இருக்காது. பைரவி பாடுகிறேன் என்று ஆரம்பித்துக் கொஞ்சம் அசந்தால் மாஞ்சியில் போய் விழுவது முன்னுக்கு வந்த பாடகர்களுக்கும் நடக்கும். தியாகராஜரின் பைரவி கீர்த்தனை எதையாவது கேட்டுவிட்டு உடனே சியாமா சாஸ்திரியின் ‘ப்ரோவவம்மா’வைக் கேளுங்கள், மாஞ்சி என்றால் என்ன என்று நான் ஒரு பக்கம் எழுதிப் புரியவைப்பதைவிட அது வேகமாகப் புரியவைத்துவிடும்.

ஆகவே ஆரோகண அவரோகணம் என்பது ராகத்தின் விலாசம் மாதிரி. அதை வைத்துக்கொண்டு வீட்டுவாசல் வரை போகலாம், உள்ளே இருப்பவர் முகம் அதில் இல்லை. பைரவியின் முகம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, எந்த ஸ்வரத்துக்குப் பின் எந்த ஸ்வரம் வரலாம் என்ற பிடிகளில். இன்னொன்று, ஒவ்வொரு ஸ்வரமும் எப்படி அசைகிறது என்பதில்.

பிடிகளுக்கு உங்கள் தைவதச் சந்தேகமே நல்ல உதாரணம். ‘ஏறும்போது சதுஸ்ருதி, இறங்கும்போது சுத்தம்’ என்பது பாதி விதிதான். நான் மாணவர்களுக்குச் சொல்வது வேறு: தைவதத்துக்கு அப்புறம் எங்கே போகப் போகிறீர்கள் என்று பாருங்கள். நிஷாதம் வழியாக மேல் ஷட்ஜத்துக்குப் போய்ச் சேரப் போகிறீர்கள் என்றால் சதுஸ்ருதி. பஞ்சமத்தில் வந்து விழப் போகிறீர்கள் என்றால் சுத்தம். ‘ப த நி ஸா’ என்பதில் பெரிய தைவதம். ‘ஸா நி த பா’ என்பதில் சின்னது. சரி, ‘ஸா நி த நி ஸா’ என்று வந்தால்? நிஷாதத்திலிருந்து தைவதத்துக்கு இறங்கித்தான் வருகிறோம், ஆனாலும் மறுபடி ஷட்ஜத்துக்குத் திரும்புவதால் அங்கே சதுஸ்ருதிதான். அதேபோல ‘ப த ப’ என்று பஞ்சமத்திலிருந்து ஒரு படி ஏறினாலும், திரும்பிப் பஞ்சமத்துக்கே வருவதால் சுத்தம். இதுவரை சொன்னதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறு வருவது ‘ப த நி த ப’ மாதிரி இடத்தில். நிஷாதம் வரை ஏறுகிறது, ஆனால் ஷட்ஜத்தைத் தொடாமல் திரும்பிவிடுகிறது. இரண்டாவது தைவதம் சுத்தம் என்பதில் சந்தேகமில்லை. முதல் தைவதத்தைச் சிலர் சுத்தமாகவே வைத்துக்கொள்கிறார்கள், சிலர் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறார்கள், பாடாந்தரத்துக்குப் பாடாந்தரம் (குரு வழியாக வரும் பாடமுறைக்கு ஏற்ப) மாறுகிறது. எனக்குச் சுத்தமாகப் பாடுவதுதான் பிடிக்கும். மற்றவர்கள் தப்பு என்று சொல்ல மாட்டேன். உங்கள் குரு யாரோ அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

அசைவு என்ற இரண்டாவது விஷயம்தான் கீபோர்டில் உங்களைக் காலை வாரியது. ஸ, ப இரண்டும் எல்லா ராகத்திலும் அசையாமல் நிற்பவை. பைரவியில் ரிஷபத்தையும் பல இடத்தில் நேராக நிறுத்தலாம். ஆனால் காந்தாரம்? நோட்டில் ‘க’ என்று ஒரே எழுத்துதான் போட்டிருக்கும். வயலினில் அந்த இடத்தில் என் விரல் காந்தாரம் என்ற புள்ளியில் போய் உட்காருவதே கிடையாது. ரிஷபத்துக்குச் சற்று மேலிருந்து கிளம்பி மத்யமத்தின் ஓரத்தைத் தொட்டுவிட்டு வந்து, திரும்பவும் போய், அப்படியே ஒரு ஊசலில் இருக்கும். கேட்பவர் காதில்தான் அது ‘கா’ என்று விழுகிறது. சுருதியைக் கோடாக வரைந்து காட்டும் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு யாராவது நல்ல பாடகரின் பைரவியை அதில் ஓடவிட்டுப் பாருங்கள். பஞ்சமம் வரும்போது கோடு நேராக இருக்கும், காந்தாரம் வரும்போது அலை அலையாகப் போகும். இரண்டரைக் கட்டை இருக்கவேண்டிய உயரத்தில் கோடு நிற்காது, அதைக் கடந்துகொண்டேதான் இருக்கும். நிஷாதமும் இந்தக் கதைதான். ‘ஸா நீ தா பா’ என்று நிதானமாக இறங்கும்போது அந்த ‘நீ’ மேல் ஷட்ஜத்தை உரசி உரசி வரும். மத்யமத்துக்கும் பல பிரயோகங்களில் ஒரு சின்ன ஆட்டம் உண்டு, குறிப்பாகப் பஞ்சமத்திலிருந்து இறங்கும்போது. ஏழு ஸ்வரத்தில் இப்படிப் பாதிக்கு மேல் அசைந்துகொண்டிருக்கிற ராகத்தை அசையாத கட்டையில் வாசித்தால் மிஞ்சுவது அந்த மைனர் ஸ்கேல்தான்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ‘ரி கா மா’ என்று வாசிக்க வேண்டிய இடத்தில் இரண்டரைக் கட்டையை விட்டுவிடுங்கள். ரிஷபத்தில் நின்று, அப்புறம் ‘ரிம ரிம’ என்று 2 கட்டையையும் 4 கட்டையையும் மாற்றி மாற்றி மெல்லத் தொட்டு, கடைசியில் மத்யமத்தில் போய் நில்லுங்கள். அதேபோல இறங்கும்போது நிஷாதத்துக்குப் பதில் ‘ஸநி ஸநி’. கரடுமுரடாகத்தான் இருக்கும், ஆனால் நீங்கள் முதலில் வாசித்ததைவிடப் பைரவிக்கு ஒரு படி கிட்ட வந்திருக்கும். உங்கள் கீபோர்டில் சுருதியை வளைக்கிற பிட்ச் பெண்ட் சக்கரம் இருந்தால் அதைப் பழகுங்கள். கீபோர்டில் கர்நாடகக் கச்சேரி செய்கிறவர்கள் இடது கையை அதற்காகவே ஒதுக்கி வைக்கிறார்கள். இந்தச் சண்டை புதிதும் இல்லை. கமகம் (ஸ்வரத்தின் இந்த அசைவு) பேசாது என்ற இதே காரணத்தையும் சொல்லித்தான் 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை நிலையத்துக்கு வெளியே நிறுத்தியது, திரும்பக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட முப்பது வருஷம் ஆயிற்று. அது அதிகப்படி என்றுதான் எனக்குத் தோன்றும், நாடக மேடையில் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டே ராகத்தைக் காட்டியவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் புகாரில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது.

இரண்டு தைவதம் எப்படி ஒரே ராகத்தில் வந்தது என்று அடுத்துத் தோன்றும். நடைமுறை பதில் எளிது: பைரவி ஒரு பாஷாங்க ராகம், அதாவது தாய் மேளத்தில் (ஏழு ஸ்வரங்களும் கொண்ட மூல வரிசையில்) இல்லாத ஓர் அன்னிய ஸ்வரத்தை எடுத்துக்கொள்ளும் ராகம். இன்று அதை 20-வது மேளமான நடபைரவியின் ஜன்யம் (பிள்ளை ராகம்) என்று வைத்திருக்கிறோம். நடபைரவியில் சுத்த தைவதம் மட்டும்தான் உண்டு, எனவே சதுஸ்ருதி தைவதம் வெளியாள். ஆனால் முகாரியையும் உசேனியையும் பாருங்கள், அதே அவரோகணம், அதே இரண்டு தைவதம், அவற்றைப் புத்தகங்கள் 22-வது மேளமான கரஹரப்பிரியாவில் கொண்டுபோய் வைக்கின்றன. அங்கே கணக்கு தலைகீழ், சுத்த தைவதம்தான் வெளியாள்! ஒரே ஸ்வரங்களை உடைய ராகங்களுக்கு இரண்டு தாய். பைரவியில் சுத்த தைவதம் அதிகமாகப் பேசுகிறது, அதனால் 20 என்று நியாயம் சொல்லலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் மேளம் என்பது அடுக்கி வைப்பதற்கு ஒரு வசதி, அவ்வளவே. ராகம் மேளத்திலிருந்து பிறந்து வரவில்லை.

அதற்குச் சாட்சி காலக்கணக்கிலேயே இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அவையில் வேங்கடமகி எழுதிய சதுர்தண்டி பிரகாசிகை, அந்தக் காலத்தில் புழங்கிய மேளங்கள் என்று 19-ஐச் சொல்கிறது, அதில் பைரவியும் ஒன்று. அதாவது அன்றைக்குப் பைரவியே தாய். இன்று நாம் தாய் என்று சொல்லும் நடபைரவி என்ற பெயர் பின்னால் வந்தது. முத்துசுவாமி தீட்சிதர் வழியினர் அந்த 20-வது மேளத்தை நாரீரீதிகௌளை என்று சொல்வார்கள், 1904-இல் எட்டயபுரத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியும் பைரவியை அதன் கீழ்தான் வைக்கிறது. வேங்கடமகி பைரவி மேளத்துக்குச் சொல்வது சுத்த தைவதம். இதுவரை ஏட்டில் இருப்பது, உறுதியாகச் சொல்லலாம். பெரிய தைவதம் எப்போது, எந்த வழியாக உள்ளே வந்தது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் உண்டு. ஷட்ஜத்தை நோக்கிப் பாடும் குரல் தானாகவே தைவதத்தை மேலே தள்ளியிருக்கும் என்ற விளக்கம் பாடகனாக யோசித்தால் எனக்கு நம்பும்படி இருக்கிறது, ஆனால் அது ஊகம், ஆதாரம் இல்லை. இன்னொன்று, தேவாரத்தில் கௌசிகப் பண்ணுக்கு நேர் பைரவி என்று சொல்வார்கள். சம்பந்தரின் ‘வாழ்க அந்தணர்’, ‘காதலாகிக் கசிந்து’ இரண்டும் கௌசிகம், ஓதுவார்கள் பைரவியில்தான் பாடுகிறார்கள், கேட்க அற்புதமாக இருக்கும். அது இன்றைய பாடுமுறை. சம்பந்தர் வாயில் இதே பைரவிதான் ஒலித்தது என்று அதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. பைரவி பாடினால் இன்ன வியாதி தீரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, நீங்களும் கேட்கவில்லை, நல்லது.

சரி, கற்றுக்கொள்வது எப்படி? ஆலாபனையிலிருந்து (தாளமும் சொல்லும் இல்லாமல் ராகத்தை விரிப்பதிலிருந்து) ஆரம்பிக்காதீர்கள், உருப்படியிலிருந்து (இயற்றி வைத்த பாட்டிலிருந்து) ஆரம்பியுங்கள். பைரவிக்கு நம்மிடம் இருக்கிற மாதிரி சொத்து வேறு ராகங்களுக்கு அவ்வளவு எளிதில் அமையவில்லை. முதலில் ‘விரிபோணி’ வர்ணம், அதாவது ராகப் பயிற்சிக்கு ஏற்ற வகை உருப்படி. பச்சிமிரியம் ஆதியப்பய்யா செய்தது, கண்ட ஜாதி அட தாளம், ஓர் ஆவர்த்தனத்துக்கு 14 அட்சரம். இன்று கர்நாடக சங்கீதம் கற்கிறவர்களில் பெரும்பாலோர் என்றைக்காவது ஒருநாள் இதைக் கடந்துதான் போகிறார்கள். பைரவியின் பிடிகளில் ஏறக்குறைய எல்லாமே இதற்குள் இருக்கிறது, அதனால்தான் பழைய வாத்தியார்கள் ‘விரிபோணி வந்தால் பைரவி வந்துவிட்டது’ என்பார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப இல்லை. இரண்டு காலத்திலும் பாடவோ வாசிக்கவோ பழகிக்கொள்ளுங்கள். மெதுவாகப் பாடும்போது அலையாக இருந்த காந்தாரம், துரிதத்தில் எப்படி ஒரு சின்ன உரசலாகச் சுருங்குகிறது என்று தெரியும். அந்தச் சுருக்கத்திலும் அது பைரவிக் காந்தாரமாகவே இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

அடுத்தது சியாமா சாஸ்திரியின் ஸ்வரஜதி (ஸ்வரங்களுக்கே பாடல் வரிகளும் அமைந்த உருப்படி), ‘காமாக்ஷி’ என்று தொடங்குவது, மிச்ர சாபு தாளம். ஆதியப்பய்யாவிடம்தான் சியாமா சாஸ்திரி கற்றார் என்பது வழிவழியாகச் சொல்லும் செய்தி. தஞ்சாவூர் பங்காரு காமாட்சி சந்நிதியில் பூஜை செய்த குடும்பம் அவருடையது, அந்த அம்மனைப் பார்த்துப் பாடிய பாட்டு. இதில் உங்களுக்கென்றே செய்து வைத்தது போல ஒரு ஏற்பாடு இருக்கிறது: எட்டு சரணம், ஒவ்வொரு சரணமும் வரிசையாக ஒரு ஸ்வரத்தில் தொடங்கும். முதல் சரணம் ஷட்ஜத்தில், அடுத்தது ரிஷபத்தில், அதற்கடுத்தது காந்தாரத்தில், இப்படியே ஏறி எட்டாவது மேல் ஷட்ஜத்தில். ஒரு ராகத்தின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் வாசலாக வைத்து உள்ளே நுழைந்து காட்டுகிறார் மனிதர். உங்களுக்கு வேலை தருகிறேன்: காந்தாரத்தில் தொடங்கும் மூன்றாவது சரணத்தையும் தைவதத்தில் தொடங்கும் ஆறாவது சரணத்தையும் மட்டும் தனியாக வெட்டி எடுத்துக்கொண்டு ஒரு வாரம் கேளுங்கள். ஆறாவது சரணத்தில் தைவதம் வருகிற ஒவ்வொரு இடத்திலும் அது எந்தத் தைவதம், அடுத்து எங்கே போகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். முன்னே நான் சொன்ன விதி எங்கே பொருந்துகிறது, எங்கே பாடகர் கொஞ்சம் நழுவுகிறார் என்று உங்கள் கையெழுத்திலேயே வந்துவிடும்.

இந்த இரண்டும் கைக்கு வந்த பிறகு தீட்சிதரின் ‘சிந்தய மா கந்த மூல கந்தம்’. காஞ்சி ஏகாம்பரநாதர் மேல் பஞ்சபூத லிங்கக் கீர்த்தனைகளில் பிருதிவிக்கு உரியது, ரூபக தாளம். வீணையை மடியில் வைத்துக்கொண்டு செய்த மாதிரி விளம்பமாக (மெதுவாக) நகரும், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியெல்லாம் தெரியும். தியாகராஜரில் ‘உபசாரமு’வோ ‘கொலுவையுன்னாடே’யோ எதுவானாலும் சரி. தமிழில் வேண்டுமென்றால் அருணாசலக் கவிராயரின் ‘யாரோ இவர் யாரோ’ மேடையில் பைரவியில் பாடிக் கேட்கலாம், மொழி புரிவதால் ராகத்தின் பாவம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ஒரே பாட்டை மூன்று வெவ்வேறு பாடகர்களிடம் கேளுங்கள். மூன்றிலும் பொதுவாக இருக்கிற பிடிகள் ராகத்தினுடையவை, மாறுகிறவை அவரவர் பாணி. நோட்டு எழுதுகிறேன் என்று உட்கார்ந்துவிடாதீர்கள், முதல் சில மாதம் கூடவே பாடுங்கள், குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. தொண்டையில் ஆடாத காந்தாரம் கீபோர்டில் ஆடாது.

கடைசியாக அந்தத் துணைக் கேள்வி. இந்துஸ்தானி பைரவி வேறு ராகம். பெயர் மட்டும் ஒன்று. அங்கே பைரவி தாட் (நம் மேளம் மாதிரி அவர்களுடைய அடுக்கு) என்பதன் ஸ்வரங்கள் நம் 8-வது மேளமான ஹனுமத்தோடியின் ஸ்வரங்கள், ரிஷபமே வேறு, ஒன்றரைக் கட்டையில் இருக்கும் சுத்த ரிஷபம். நம் நடபைரவியின் ஸ்வரங்கள் அங்கே அசாவரி தாட் பக்கம் போகும். அவர்கள் பைரவியை நாம் சிந்துபைரவி என்ற பெயரில் கடன் வாங்கித் துக்கடாவிலும் (கச்சேரிக் கடைசியில் வரும் சின்னப் பாட்டு) பஜனையிலும் பாடுகிறோம். இணையத்தில் ‘பைரவி ராக சினிமாப் பாடல்கள்’ என்று போடும் பட்டியல்களில் சிந்துபைரவி பாட்டும், வெறும் நடபைரவி ஸ்கேலில் மெட்டமைத்த பாட்டும் தாராளமாகக் கலந்திருக்கும், அவற்றைக் கேட்டு நம் பைரவியைப் பிடிக்கப் பார்த்தால் இன்னும் குழம்புவீர்கள். பட்டியலில் ஒரு பாட்டு கிடைத்தால் முதலில் ரிஷபத்தைப் பாருங்கள்: ஒன்றரைக் கட்டையில் இருந்தால் சிந்துபைரவி பக்கம், அதை ஒதுக்கிவிடலாம். 2 கட்டையில் இருந்தால் அப்புறம் மேல் ஷட்ஜத்துக்கு ஏறும் இடத்தில் தைவதம் ஆறா ஐந்தரையா என்று பாருங்கள். ஐந்தரையாகவே ஏறினால் நடபைரவி. ஆறு வந்தால் பிறகு காந்தாரத்தைக் கவனியுங்கள், பாட்டின் பெயரை இங்கே போடுங்கள், நானும் கேட்கிறேன்.